கொட்டும் மழையில் வேலை விட்டு வீடு திரும்ப: வேலூர்ப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. ரெயின்கோட்டை எடுத்து மாட்டுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். இது எந்த மழை?

நம் வடாற்காட்டில் மழை இரண்டு விதமாக வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது பெரும்பாலும் வெப்பத்தால் திரளும் இடிமழை. பகலெல்லாம் வெயில் வாட்டும், மூன்று நான்கு மணிக்கு மேல் சித்தூர்ப் பக்கமோ ஜவ்வாது மலைப் பக்கமோ கருக்கும், இருட்டும் நேரத்தில் காற்றும் இடியுமாக இறங்கி ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இந்த மழைக்குக் காத்திருப்பதுதான் சரி. கம்பெனி வாசலிலோ கேன்டீனிலோ நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் பாதி ஆபத்து போய்விடும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகி வரும் மழை வேறு. இடி குறைவு, ஆனால் இரவு முழுக்க நிற்காது. 2020 நவம்பரில் நிவர், 2022 டிசம்பரில் மாண்டஸ் எல்லாம் இந்த வகை. இதற்குக் காத்திருந்தால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். நேரம் ஆக ஆக ஏரி நிரம்பும், ஓடை பெருகும், மின்சாரம் போகும், பஸ் குறையும். இந்த மாதிரி நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக அனுமதி கேட்டுக் கிளம்புங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போது பள்ளம் தெரியும், இருட்டில் தெரியாது.

எந்த மழை என்று வானத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சந்தேகம் இருந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை இணையதளத்தில் சென்னை ரேடார் படத்தைப் பாருங்கள், வேலூர் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்தால் போதாது. அரைமணி இடைவெளியில் இரண்டு படம் பார்த்தால்தான் மேகம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது புரியும். எச்சரிக்கையில் வரும் அளவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனமழை என்றால் 64.5 முதல் 115.5 மி.மீ., மிக கனமழை என்றால் 115.6 முதல் 204.4 மி.மீ., அதற்கு மேல் அதி கனமழை. இவையெல்லாம் 24 மணி நேரக் கணக்கு. எச்சரிக்கையே இல்லாத நாளில் ஒரே மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டினாலும் சாலை ஓடையாகிவிடும். அதனால் "இன்றைக்கு அலர்ட் ஒன்றும் இல்லையே" என்று கிளம்பாதீர்கள்.

அடுத்தது வழி. இதில்தான் உயிர் போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து ஆறுகள் வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல். அதனால்தான் கிராமச் சாலைகளில் உயர்ந்த பாலத்துக்குப் பதில் தரைப்பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் உத்திரகாவேரி, குடியாத்தத்தில் கவுண்டன்யா, கண்ணமங்கலம் பக்கம் அமிர்தியிலிருந்து இறங்கும் ஓடை, பொன்னை ஆறு, பாலாறு, இவற்றில் எதையாவது தாண்டித்தான் பலரும் வீட்டுக்குப் போக வேண்டும். மழை இங்கே பெய்தால்தான் இவற்றில் தண்ணீர் வரும் என்று நினைப்பது தவறு. பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து ஆந்திரத்தின் குப்பம் வழியாக வாணியம்பாடிக்குள் நுழைகிறது. பொன்னைக்கு சித்தூர் மாவட்டத்துத் தண்ணீர் வருகிறது. அங்கே கலவகுண்டா அணை திறந்தால் நமக்கு வெள்ளம். கவுண்டன்யாவுக்கு மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் வெள்ளம். மேலே பெய்த மழை பல மணி நேரம் கழித்து வந்து சேரும். வேலூரில் மழை நின்று நட்சத்திரம் தெரியும் நேரத்தில்கூட தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறலாம். காலையில் வேலைக்குப் போகும்போது காய்ந்து கிடந்த பாலம் ராத்திரி ஒன்பது மணிக்கு அப்படி இருக்கும் என்று நம்பவே கூடாது.

2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தில் விரிஞ்சிபுரம் தரைப்பாலம் சேதமானதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவில் பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு ரயில்களை ரத்து செய்தார்கள். ரயில் பாலத்துக்கே அந்த நிலைமை என்றால் கிராமத்துத் தரைப்பாலத்தின் அடியில் என்ன அரித்திருக்கும் என்பதை மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீருக்கு அடியில் பாலம் முழுசாக இருக்கிறதா, நடுவில் பத்தடி காணாமல் போயிருக்கிறதா என்பது தெரியாமல்தான் எல்லாரும் இறங்குகிறார்கள்.

ஓடுகிற தண்ணீரின் பலம் கண்ணுக்குத் தெரியாது. கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் பெரிய ஆளையே காலை வாரிவிடும். 30 செ.மீ. இருந்தால் சின்ன காரை மிதக்கவிடும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். இருசக்கர வண்டி இன்னும் மோசம். தண்ணீர் பக்கவாட்டில் இரண்டு சக்கரத்திலும் ஒரே சமயத்தில் மோதும், கால் ஊன்றினால் அந்தக் காலையும் சேர்த்து இழுக்கும். "முழங்காலுக்குக் கீழேதாண்ணா, போயிடலாம்" என்று கரையில் நிற்பவர் சொன்னால் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், ஓரக் கல்தூண்கள் தெரியாவிட்டால், திரும்பிவிடுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. எட்டு கிலோமீட்டர் சுற்றிப் போகலாம், சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம்.

அதனால் மழைக்காலம் தொடங்கும் முன்பே வேலை இடத்துக்கும் வீட்டுக்கும் இடையில் தரைப்பாலமே இல்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்து ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து காட்பாடிப் பக்கம் போகிறவர்களுக்குத் திருவலம் வழி கிட்டத்தில்தான், ஆனால் பொன்னை ஆற்றில் வெள்ளம் என்று செய்தி வந்தால் ஆற்காடு, மேல்விஷாரம், ரத்தினகிரி, சத்துவாச்சாரி என்று நெடுஞ்சாலையில் வந்து, வேலூரில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிக்குப் போவது நல்லது. தூரம் கூடும், ஆனால் எல்லாம் உயரமான பாலம். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேனில் வரும் பெண்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் வேனை இறக்கப் பார்த்தால், "அண்ணே, நிறுத்துங்க, நாங்க இறங்கிக்கிறோம்" என்று எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள். ஒருத்தர் சொன்னால் கேட்க மாட்டார், பத்துப் பேர் சொன்னால் கேட்பார்.

வேலூர் ஊருக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் வேறு விஷயம். கிரீன் சர்க்கிள் பக்கம், நிக்கல்சன் கால்வாய் வழியும்போது கன்சால்பேட்டை, இந்திரா நகர், நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகள், இங்கெல்லாம் தேங்கும். ஓடாத தண்ணீர் என்பதால் அளந்து பார்த்து இறங்கலாம். நடுவில் இருக்கும் மீடியன் கல் எவ்வளவு தெரிகிறது, முன்னால் போகும் ஆட்டோவின் சக்கரம் எதுவரை மறைகிறது என்று நின்று கவனியுங்கள். உங்கள் வண்டியின் சக்கர அச்சுக்குக் கீழே இருந்தால் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். ஸ்கூட்டருக்கு இன்னும் கம்மி, ஏனென்றால் சக்கரம் சின்னது, சைலன்சரும் தாழ்வு, பெல்ட் இருக்கும் கவருக்குள் தண்ணீர் புகுந்தால் என்ஜின் உறுமும் ஆனால் வண்டி நகராது. சாலையின் நடுப்பகுதியில் போங்கள். தார்ச்சாலை நடுவில் சற்று உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும், ஓரத்தில்தான் மூடி இல்லாத கால்வாய் இருக்கும். தண்ணீர் சுழன்று உள்ளே இறங்குவது தெரிந்தாலோ யாராவது மரக்கிளையை நட்டு வைத்திருந்தாலோ அங்கே திறந்த சாக்கடைக் குழி இருக்கிறது என்று அர்த்தம். மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் தண்ணீரில் நிற்கும் இடத்தில் இறங்கவே கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் தள்ளி நின்று மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இறங்கிவிட்டால் முதல் கியர், பாதி கிளட்ச், ஆக்சிலரேட்டர் ஒரே சீராக. நடக்கும் வேகம் போதும். என்ஜின் ஓடும்வரை சைலன்சரிலிருந்து வெளியேறும் புகை தண்ணீரை உள்ளே வரவிடாது. ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டால் அந்த அழுத்தம் குறைந்து தண்ணீர் ஏறும். நடுவில் கியர் மாற்றாதீர்கள். ஸ்கூட்டரில் கியர் இல்லை, அதனால் ஆக்சிலரேட்டரைச் சற்று முறுக்கியபடி பின் பிரேக்கை லேசாகப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். எதிரே பஸ்ஸோ லாரியோ இறங்கினால் நீங்கள் இறங்காமல் நில்லுங்கள். அது கிளப்பும் அலை ஒரு அடி உயரம் கூட்டிவிடும். அச்சுக்குக் கீழே இருந்த தண்ணீர் அந்த ஒரு நொடியில் ஏர் ஃபில்டருக்குள் போகும்.

அப்படியும் வண்டி நின்றுவிட்டால், தயவுசெய்து செல்ஃப் பட்டனை அழுத்தாதீர்கள். பெரும்பாலான என்ஜின்கள் தண்ணீரில் நின்றதால் கெடுவதில்லை, நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ததால்தான் கெடுகின்றன. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் கனெக்டிங் ராடு வளையும். அதற்கப்புறம் முழு என்ஜின் வேலைதான், செலவு பல ஆயிரம். சாவியை ஆஃப் செய்து, நியூட்ரலில் போட்டு, மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

மேட்டில் சென்டர் ஸ்டாண்டு போட்டு முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் நல்ல செய்தி. தண்ணீர் உள்ளே போகவில்லை, பிளக் கேப் நனைந்ததால்தான் வண்டி நின்றிருக்கும். கேப்பைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துணியால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஃபில்டர் நனைந்திருந்தால் வேலை கூடுதல். அடுத்து என்ஜின் ஆயில். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டு வண்டியை ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஆயில் நிறம் மாறவில்லை என்றால் டூல்கிட்டில் உள்ள பிளக் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றுங்கள். சாவி ஆஃபிலேயே இருக்கட்டும். கிக்கரை ஏழெட்டு முறை உதைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீச்சிக்கொண்டு வெளியே வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கிக்கர் இல்லாத பைக்கில் டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினாலும் அதே வேலை நடக்கும். ஸ்கூட்டரில் இந்தச் சக்கர வித்தை பலிக்காது. பிளக்கைக் காயவைத்து மாட்டி, நனைந்த ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மெதுவாக வீடு போய்ச் சேரும் தூரத்துக்கு மட்டும் ஓட்டலாம்.

பழைய கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு வசதி உண்டு. கார்புரேட்டர் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் தேங்கிய தண்ணீரும் கொஞ்சம் பெட்ரோலும் வடிந்துவிடும். பெட்ரோல் அடியில் நிற்காது, தண்ணீர்தான் கனம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன், அவற்றில் இந்த ஸ்க்ரூ இல்லை. அதில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் வயர் கப்ளர்களில் ஈரம் இறங்கியிருக்கும், மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். இரண்டு வகை வண்டிக்கும் பொதுவான ஒரு தொல்லை பெட்ரோல் டேங்க் மூடி. மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அது மண் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் குளம்போல நின்று டேங்குக்குள் கசியும். செப்டம்பர் கடைசியில் ஒரு மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் "ஐபி 67 பேட்டரி, ஒன்றும் ஆகாது" என்று தைரியமாக இறங்குகிறார்கள். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அந்தப் பாகத்தைச் சோதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பேட்டரிக்கு உள்ள தகுதி மற்ற கப்ளருக்கும் சுவிட்சுக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. நனைந்து வந்த வண்டியை அன்று ராத்திரியே சார்ஜில் போடாதீர்கள். சார்ஜிங் முனை நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

தண்ணீர் இல்லாத இடத்திலும் மழை சாலை ஏமாற்றும். மழை தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் தார் மேல் படிந்த எண்ணெயும் தூசியும் மணலும் சேர்ந்து குழம்பாகிவிடும். பஸ் நிலைய வாசல், சிக்னல், வெள்ளைக்கோடு, ரயில்வே கேட் தண்டவாளம், பாலத்தின் இரும்பு இணைப்புப் பட்டை, இவற்றின் மேல் வண்டியைச் சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ கூடாது, நேராகத் தாண்டுங்கள். டிரம் பிரேக் தண்ணீரில் ஊறினால் பிடிக்காது. தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் பின்னால் யாரும் நெருக்கமாக வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, நூறு மீட்டருக்கு இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தியபடி போனால் சூட்டில் காய்ந்துவிடும். டயரில் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த இருசக்கர வண்டி சட்டப்படியே ஓடக் கூடாது. மழைக்காலத்துக்கு அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வது மழை சாலைக்குப் பொருந்தாது. சரியான அளவு காற்று இருந்தால்தான் பள்ளங்கள் விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும்.

கண் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஹெல்மெட் வைசர்தான் காரணம். கீறல் விழுந்த வைசரில் எதிர் விளக்கு பட்டால் முழுக்க வெள்ளையாகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், புது வைசர் போடுங்கள். கறுப்பு வைசர் வேண்டாம். மூச்சு படிந்து மங்கினால் ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு எடுத்து வைசரின் உள்பக்கம் தடவி, காய்ந்த துணியால் தடம் தெரியாமல் துடைத்துவிட்டால் அன்றைக்கு மங்காது.

ரெயின்கோட்டில் மேலே தனி, கீழே தனி என்று இருப்பதை வாங்குங்கள். தலைவழியாகப் போர்த்தும் அங்கி காற்றில் உப்பும், அதன் ஓரம் செயினிலும் சக்கரத்திலும் சிக்கும். பேன்ட்டின் கால் ஷூவுக்கு மேலே விழ வேண்டும், உள்ளே செருகினால் ஷூ முழுக்கத் தண்ணீர். பின்னால் உட்காருபவரின் கோட் தொங்கி டெயில் லைட்டை மறைக்கிறதா என்று கிளம்பும்போது பாருங்கள், இதைக் கிட்டத்தட்ட யாருமே பார்ப்பதில்லை. சேலையும் துப்பட்டாவும் கோட்டுக்குள் அடங்கட்டும். ஓடும் வண்டியில் பின்னால் குடை பிடிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். எதிர்க்காற்று குடையில் ஏறினால் உட்கார்ந்தவரைத்தான் முதலில் பின்பக்கமாகத் தூக்கும். தலை அடிபட்டு இறந்த செய்தி வருடாவருடம் வருகிறது, நெஞ்சு பொறுக்கவில்லை. நனைந்த போன் விரலுக்குக் கட்டுப்படாது, அதனால் கோட்டின் உள்பையில் பிளாஸ்டிக் கவரில் கொஞ்சம் ரொக்கப் பணம் வையுங்கள்.

நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். அதன் சக்கரம் அடிக்கும் சேற்றுத் தூறலில் உங்களை யாரும் பார்க்க முடியாது. சர்வீஸ் ரோட்டில் வேகம் குறைவு என்பது நல்லதுதான், ஆனால் பள்ளமும் தேங்கிய தண்ணீரும் அங்கேதான் அதிகம். தெரிந்த சர்வீஸ் ரோடு என்றால் மட்டும் போங்கள்.

இடி கேட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். இருசக்கர வண்டி மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. பழைய சாலைகளில் நிழல் தரும் புளியமரங்கள் மழைக்கு ஒதுங்கும் இடமல்ல, மின்னலும் கிளையும் இரண்டுமே விழும். கட்டடத்துக்குள், கடைக்குள் ஒதுங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துக் கிளம்பலாம். மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கும்போது சாலையிலேயே வண்டியை நிறுத்திக் கூட்டமாக நிற்கிறார்கள், பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு மழையில் இது தெரியவே தெரியாது. வண்டியை முழுக்கச் சாலையை விட்டு இறக்கித் தள்ளி நில்லுங்கள். விபத்தைக் கண்டால் 108, நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, வெள்ளம் சூழ்ந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

வண்டியைக் கம்பெனி ஷெட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுவது பலருக்குத் தோன்றுவதே இல்லை. முத்துக்கடையிலோ ஆற்காட்டிலோ ஏறினால் வேலூர் வந்து சேரலாம், பஸ்ஸின் உயரத்துக்குச் சாலையில் தேங்கிய தண்ணீர் பெரிய தடை இல்லை. ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்கும் வாலாஜா ரோடு, காட்பாடி பக்கத்துக்காரர்களுக்கும் ரயில் இருக்கிறது. கிளம்பும் முன் ரயில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

வீடு வந்ததும் வண்டியைச் சாய்வாக நிறுத்திச் சைலன்சரில் நிற்கும் தண்ணீரை வடியவிட்டு, ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிடுங்கள். மறுநாள் காலை செயினைத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு செயின் ஸ்ப்ரேயோ 90 நம்பர் கியர் ஆயிலோ விடுங்கள், ஈரத்தின் மேல் விட்டால் துரு உள்ளேயே தங்கும். ஏர் ஃபில்டரை இன்னொரு முறை திறந்து பாருங்கள். காகித ஃபில்டர் நனைந்திருந்தால் காயவைத்துப் பயனில்லை, புதியது போட வேண்டும். டிப்ஸ்டிக்கையும் காலை வெளிச்சத்தில் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள், முந்தின நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் ஆயிலின் நிறம் சரியாகத் தெரிந்திருக்காது.